இருநூற்றுப் பதினான்கு கஜம்

என் அண்ணி ஆர்டிஸ் ஹௌகனைப் பற்றி ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதையும் நம்ப வேண்டாம். அவளோடு நாற்பது வருடம் சண்டை போட்டவன் நான். என்னைக் கேளுங்கள்.

மொன்டானாவின் மேற்கு ஓரத்தில், ஹார்னெட் கிரீக் என்ற எங்கள் ஊரில், அவள் முப்பத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். காலை ஏழு நாற்பதுக்கு உங்கள் வாசலில் வண்டி நிற்கும். ஏழு நாற்பத்தொன்றுக்கு நிற்காது. ஒருமுறை சொந்தத் தங்கையின் மகள் ஒற்றைக் காலணியோடு ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். தங்கை வந்து சண்டை போட்டதற்கு, "மத்தப் பிள்ளைங்க நேரத்துக்கு வந்துச்சே, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றாள். அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு 'ரூல் புக்கு' என்று பெயர்.

பெயர் வைத்தவன் நான்தான். எனக்கு இங்கே கறி வெட்டும் கடை. வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மானையும் எல்க் என்ற பெரிய ஜாதி மானையும் தோலுரித்து, வெட்டி, வெள்ளைத்தாளில் கட்டி, மேலே இன்ன கறி, இன்ன பகுதி, இன்ன மாதம் என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வருடாவருடம் வேட்டை விதிகளின் சிறுபுத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை என் கடை மேசையிலிருந்து எடுத்துப் போவது ஆர்டிஸ்தான். மற்றவர்கள் தங்கள் பகுதிக்குரிய பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். இவள் அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் எங்கே மாறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுவாள்.

அந்தப் பென்சில் கோட்டில்தான் என் அண்ணன் வெண்டல் மாட்டினான்.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய நவம்பர். சூரியன் மறைந்து அரைமணி நேரம் வரைதான் சுடலாம் என்பது விதி. அன்றைய கணக்குக்கு ஐந்து பத்தோடு சரி. வெண்டல் ஒரு மானைச் சுட்டது ஐந்து இருபதுக்கு. திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் வழக்கம்போலக் கேட்டார்கள், எத்தனை மணிக்குச் சுட்டீர்கள் என்று. வெண்டல், "அஞ்சு மணி இருக்கும்," என்றான். வண்டியை ஓட்டி வந்த ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் குனிந்து, "அஞ்சு இருபது. வாட்ச்ல பாத்தேன்," என்றாள். யார் கேட்டது உன்னை? மான் போயிற்று, இரண்டு வருடத்துக்கு வெண்டலின் வேட்டை உரிமமும் போயிற்று. அந்த இரண்டாம் வருட நவம்பரில், ஊரே மலையில் இருந்த நாளில், வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்து செத்துப்போனான். துப்பாக்கி அலமாரியில் எண்ணெய் போட்டுத் துடைத்தபடி இருந்தது.

சவ அடக்கத்தன்று அவளிடம், "உன் வாட்ச்சும் நீயும் நல்லா இருங்க," என்று சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் பேசவில்லை. ஆனால் ஊரில் கறி வெட்டுபவன் நான் ஒருவன்தானே? நான்காம் வருடம் ஒரு எல்க்கைத் தனியாகச் சுட்டு, தனியாக நான்காகப் பிளந்து, கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டு நின்றாள். நானும் நின்றேன். எவ்வளவு நேரம்தான் நிற்பது? "எலும்போட வேணுமா, எடுத்துடவா?" என்றேன். "எடுத்துடு," என்றாள். இவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அறுபத்தோராம் வயதில் அவளுடைய வலது கண் போயிற்று. பார்வையின் நடுவில் ஒரு கரும்பொட்டு வந்து, அது பெருகிப் பெருகி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பேருந்துச் சாவியை அவளே கொண்டுபோய்ப் பள்ளி அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்தாள். இடது கண்ணிலும் பொட்டு விழுந்துவிட்டது, ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்று மருத்துவர் சொன்னார். அந்த வருடம்தான், பாருங்கள் தலையெழுத்தை, அவளுக்கு மூஸ் சீட்டு விழுந்தது.

மூஸ் மான் ஜாதிதான், ஆனால் குதிரையை விட உயரம். அதைச் சுட நினைத்தபோதெல்லாம் சுட முடியாது. விண்ணப்பித்தவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டுச் சிலருக்குச் சீட்டுக் கொடுப்பார்கள். சாகும்வரை விழாதவர்கள் உண்டு. ஆர்டிஸ் இருபத்தேழு வருடம் விண்ணப்பித்தாள். முதல் விண்ணப்பத்தை அவளும் வெண்டலும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நிரப்பினார்கள். ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்த ஏழு வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. ஏழு வருடம் கழித்து அவள் எதைப் பார்த்துச் சுடுவாள்? இந்த ஒரு இலையுதிர்காலம், இந்த ஒரு கண், இந்த ஒரு சீட்டு. அவளுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினாள். அறுபது வருட வலக்கைப் பழக்கம்! கன்னமெல்லாம் கன்றிப்போய் வருவாள். குறி பழகிவிட்டது, தூரம்தான் பழகவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு நூறு கஜமும் முந்நூறு கஜமும் ஒன்றாகத் தெரிந்தன. தூரமானி என்று ஒரு கருவி இருக்கிறதே, கண்ணில் வைத்து அழுத்தினால் இத்தனை கஜம் என்று உள்ளே எண் காட்டுமே, அதை வாங்கினாள். உள்ளே தெரியும் எண் கடுகளவு, அவளால் படிக்க முடியவில்லை. அதனால் கைபேசியோடு பேசும் புது வகையாக மாற்றி வாங்கினாள். அழுத்தினால் கைபேசித் திரை முழுக்க எண் வரும். கூடவே வரைபடத்தில் விலங்கு நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் விழும்.

ரூல் புக்கு அல்லவா, வாங்கியதோடு விடுவாளா? இதை வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போகலாமா என்று வனவிலங்குத் துறைக்குக் கடிதம் எழுதினாள். பதில் வந்தது. தூரம் பார்க்கலாம், துப்பாக்கியில் பொருத்தக் கூடாது, விலங்கு எங்கே நிற்கிறது என்பதைக் கைபேசி மூலம் இன்னொருவருக்குத் தெரிவித்து அவர் உதவியோடு வேட்டையாடக் கூடாது. அந்தக் கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்து என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். "ரெண்டு தடவை படி. கடைசி வரியை மூணு தடவை படி," என்றாள். படித்தேன். என் வாயால்தான் படித்தேன்.

செப்டம்பரில் ஊருக்கு வெளியே சரளைக் குழியில் பயிற்சி. பழைய பீப்பாய்களை வெவ்வேறு தூரத்தில் வைத்துவிட்டு வருவது என் வேலை. அவள் அளப்பாள், சுடுவாள், திட்டுவாள். இருநூற்றைம்பது கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று தனக்கொரு கோடு கிழித்துக்கொண்டாள். ஒருநாள் திரும்பி நடக்கும்போது என் கண் முன்னால் ஒரு கல்லில் தடுக்கிக் குப்புற விழுந்தாள். மலையில் இப்படி விழுந்தால் யார் தேடுவது?

தூரமானிக்காக அவள் கைபேசியில் போட்டிருந்த செயலியில் 'துணைவர்' என்று ஒரு வசதி உண்டு. அதில் என் எண்ணைச் சேர்த்துவிட்டால் அவள் அளக்கும் ஒவ்வொரு இடமும் என் கைபேசியிலும் தெரியும். "சேத்துக்கறேன் ஆர்டிஸ், எங்க விழுந்து கிடக்கேன்னாவது தெரியும்," என்றேன்.

"என் போனைத் தொட்டே, விரலை ஒடிச்சிடுவேன். கடைசி வரியை மூணு தடவை படிச்சியே, காதுல விழலையா?"

"வேட்டைக்கா கேட்டேன்? நீ விழுந்து செத்தா நான்தானே தூக்கணும்!"

"தூக்க வேணாம். நரி தின்னட்டும்."

அவள் வண்டிக்குப் பின்னால் காப்பி ஊற்றப் போனாள். நான் கைபேசியை எடுத்து என் எண்ணைச் சேர்த்துவிட்டேன். அரை நிமிட வேலை. அன்று அதை நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

அக்டோபர் பத்தொன்பது. விடியும் முன் போய்ச் சேர்ந்தோம். என்னை அடிவாரத்தில் பிக்கப் வண்டியோடு விட்டுவிட்டு, "சத்தம் கேட்டா வா. கேக்கலைன்னா சாயங்காலம் வரைக்கும் இங்கயே கிட," என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலோடு ஏறிப் போனாள். நான் காப்பி குடித்துக்கொண்டு கிடந்தேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசிக்குச் சிக்னல் வருவதே அபூர்வம். அன்றைக்கும் வராமல் தொலைந்திருக்கக் கூடாதா? ஒன்பதே காலுக்கு என் பையில் அது அதிர்ந்தது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. நானூற்று முப்பது கஜம். மூஸ்! அவள் பார்த்துவிட்டாள்! அடுத்த புள்ளி, நானூற்று அறுபத்தைந்து. அடுத்தது, ஐந்நூற்றுப் பத்து. புள்ளிகள் நேராக மேலே கணவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் முப்பது மைல் காடு. அவ்வளவுதான், போயிற்று. இருபத்தேழு வருடம் மெதுவாக நடந்து மலையேறிப் போவதை நான் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரம் ஏற்றும் லாரிப் பாதை ஒன்று கணவாய்க்குப் பின்பக்கமாகப் போகும். பத்து நிமிடம். யோசித்தேன் என்று சொன்னால் பொய். வண்டியைக் கிளப்பினேன். மேலே போய், இறங்கி, கணவாயின் வாயில் வெறுமனே போய் நின்றேன். காற்று என் முதுகிலிருந்து கீழே அடித்தது. என் வாடை போதும். மரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய கறுப்பு உருவம் நின்றது, தலையைத் தூக்கியது, திரும்பி வந்த வழியே இறங்கியது. சற்று நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. இருநூற்றுப் பதினான்கு கஜம். பிறகு ஒரே ஒரு வெடிச்சத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அதன் கழுத்தில் கைவைத்து மண்டியிட்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். வெண்டல் செத்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. "ஹாலிஸ், எவ்வளவு பெருசு பாரேன்! எவ்வளவு பெருசு!" என்றாள். விலங்கை நகர்த்துவதற்கு முன்னால் சீட்டில் அச்சடித்திருக்கும் மாதத்தையும் தேதியையும் கத்தியால் கீறி, சீட்டை அதன் மேல் கட்ட வேண்டும். அந்தச் சின்ன எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. "எங்க வெட்டணும்னு நீ சொல்லு," என்று கத்தியை நீட்டினாள். அவள் விரலைப் பிடித்து அக்டோபர் மேல் வைத்தேன், பிறகு பத்தொன்பது மேல் வைத்தேன். அவளே வெட்டினாள்.

இருட்டும் நேரத்தில் அவள் சமையலறையில் ஈரலும் வெங்காயமும் பொரிந்துகொண்டிருந்தன. எங்கள் ஊர் வழக்கம் இது. வேட்டை முடிந்த அன்று சாப்பாட்டு மேசையில் அதை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும், ஒவ்வொருவரும் அந்தந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று சொல்ல வேண்டும். அவள் முழுதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"கணவாய் வரைக்கும் போயிடுச்சு ஹாலிஸ். நான் துப்பாக்கியைக் கீழ வச்சிட்டேன். அப்புறம் ஏன் திரும்பி வந்துச்சு?"

"காத்து மாறியிருக்கும்."

"மாறலை. நிமிஷத்துக்கு ஒருதரம் பவுடர் தூவிப் பாத்துக்கிட்டே இருந்தேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "உன் வண்டி ஏன் மேல இருந்து வந்துச்சு? உன்னைக் கீழதானே விட்டேன்?"

"குளிரு தாங்கலை. சும்மா கொஞ்சம் ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"பொய் சொல்றப்ப நீ மூக்கை உறிஞ்சுவே. சின்ன வயசுலயும் அப்படித்தான்னு வெண்டல் சொல்லுவான். போனைக் குடு."

கொடுத்தேன். இடது கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். நாலு சிவப்புப் புள்ளி. நாலையும் எண்ணினாள். அடுப்பில் ஈரல் கருகியது.

"நீ விழுந்துடுவியோன்னு பயந்துதான் போட்டேன்," என்றேன். "சத்தியமா அதுக்குத்தான். இது யாருக்குத் தெரியப்போவுது? சுட்டது நீ. அளந்தது நீ. நடந்தது நீ."

"கணவாய்ல நின்னது நீ."

"ஐயோ, விடேன் ஆர்டிஸ்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கோயேன்! வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே."

அவள் சுவரில் மாட்டிய தொலைபேசிக்குப் போனாள். "பத்து நிமிஷத்துக்கு அவனைக் காட்டிக் குடுத்தேன் ஹாலிஸ். வெறும் பத்து நிமிஷம். அதுக்கப்புறம் அவன் மலைக்கே போகாம செத்தான். இப்ப எனக்குன்னு வந்ததும் கண்ணை மூடிக்கிட்டா, அவன் எதுக்காகச் செத்தான்?"

"அவன்தான் செத்துட்டானே! அவனுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் எண்களைத் தடவித் தடவி அழுத்தினாள்.

மறுநாள் காலை வேட்டை வார்டன் ட்ரெண்ட் ஒலாவ்சன் வந்தான். இருபத்தாறு வயது. பத்து வருடம் அவள் பேருந்தில் போனவன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மேசையில் இருந்த இரண்டு கைபேசிகளையும் பிளாஸ்டிக் உறைக் கடிதத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மிஸ் ஆர்டிஸ், நீங்க போன் பண்ணாமலே இருந்திருக்கலாம்," என்றான்.

"பண்ணிட்டேன். எழுது."

"உங்களுக்குத் தெரியாம நடந்தது. உங்க மேல கேஸ் எழுத மாட்டேன். இவர் மேலதான் எழுதணும்."

"கருவி யாருது? சீட்டு யாருது? வெண்டலுக்கு மட்டும் எழுதினீங்களே!"

"அது நான் இல்ல மிஸ். அப்ப நான் உங்க பஸ்ல கடைசி சீட்ல உக்காந்திருந்தேன்."

என் மேல் எழுதினான். அபராதம், இரண்டு வருடத்துக்கு உரிமம் கிடையாது. போகட்டும், தூசியைப்போலத் தட்டிவிட்டுப் போகிறேன். ஆனால் விதியை மீறி விழுந்த விலங்கை யாரும் வைத்துக்கொள்ள முடியாது. கொம்பை வண்டியில் ஏற்றினான். கறி ஏழைகளுக்கு. கத்தியால் கீறிய சீட்டு கீறினது கீறினதுதான், திரும்பக் கிடையாது. அவளுக்குத் தண்டனைச் சீட்டு எழுதவே மாட்டேன் என்று அவன் பிடிவாதமாகச் சொன்னதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய அடி. வெண்டலுக்குக் கிடைத்த தண்டனைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஊரில் கறி வெட்டுபவன் நான் ஒருவன்தான் என்று சொன்னேன் அல்லவா? அந்த மூஸை வெட்டும் வேலையும் எனக்குத்தான் வந்தது. இரண்டு நாள் வெட்டினேன். இருநூற்றுச் சொச்சம் பொட்டலம். ஒவ்வொன்றின் மேலும் எழுதினேன். எல்லாம் சர்ச்சின் அடித்தளத்து ஃப்ரீசருக்குப் போயின. வியாழக்கிழமைதோறும் இல்லாதவர்களுக்கு அங்கே சாமான் கொடுப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவளுடைய இடது கண் மூடிக்கொண்டது. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். கதவைத் திறப்பாள். நாற்காலியைக் காட்டுவாள். தபால் வந்திருந்தால் படிக்கச் சொல்வாள், படித்ததும் போகச் சொல்வாள். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதி வெங்காயமும் கடுகுச் சாந்துப் புட்டியும் இருக்கும். நான் கறி கொண்டுபோனால் வாங்கமாட்டாள். வாசல்படியில் வைத்துவிட்டு வந்தால் மறுநாள் என் கடை வாசலில் இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, சர்ச்சிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே மூன்று கட்டிடம் நடந்து என் கடைக்குள் வந்தாள். கோட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத்தாள் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படி. சர்ச்சுல சாமான் குடுக்கற பொண்ணைக் கேட்டா, கறின்னு மட்டும் சொல்லுது. என்ன கறின்னா தெரியலையாம். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்காம். அப்ப உன் எழுத்துதான்."

என் எழுத்துதான். மூஸ், தொடை, அக்டோபர்.

அவள் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள். ஆர்டிஸ் பொத்தானை மாற்றிப் போடுகிறவளா? மூஸ் என்று சொன்னால் அப்படியே வைத்துவிட்டுப் பட்டினியோடு வீட்டுக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். ஒரு தொடைக்கறி. ஒரு வாரம் சாப்பிடுவாள்.

"மாட்டுக்கறி," என்றேன். "தொடை."

நான் மூக்கை உறிஞ்சினேனா? சத்தியமாகத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அன்னிக்குச் சீட்டுல தேதியைக் கீறுறப்ப என் விரலைப் பிடிச்சு வச்சியே," என்றாள். "சரியான இடத்துலதானே வச்சே?"

"சரியாத்தான் வச்சேன் ஆர்டிஸ். கடவுள் மேல ஆணையா சரியாத்தான் வச்சேன்."

"அது எனக்கு இப்ப எப்படித் தெரியும்?"

பொட்டலத்தை விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டாள். கதவு இருந்த திசைக்குத் திரும்பி, நிலையைத் தடவிக் கண்டுபிடித்து, வெளியே போனாள். நான் பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

இப்போது அவளுடைய தபாலை வியாழக்கிழமைகளில் அந்தச் சர்ச் பெண் படித்துச் சொல்கிறாள். என்னைப் படிக்கச் சொல்வதில்லை.